நீலக்கரை தைத்த பக்கம்

அந்தப் படகுப் பாய்க்கு நான் பிழையான பக்கத்தில் கரை தைத்தேன். பிழை என்று தெரிந்துகொண்டே தைத்தேன். நாட்கள் போய்விட்டன, ஆனாலும் இதை எழுதி முடிக்க மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது.

நான் வேலணையில் இருக்கிறேன். இடம்பெயர்ந்து போய் ஊர் திரும்பிய காலத்திலிருந்து வீட்டு முன்னறையில் மெஷின் வைத்துத் தைக்கிறேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சாறிச் சட்டை, கதிரை உறை, யன்னல் சீலை. கணவர் யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. படகுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் வருடத்தில் ஒருமுறை நயினாதீவுக் கோயிலுக்குப் போய்வருவதுதான். அதிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போய்வருவேன்.

விலைவாசி எல்லாம் ஏறிக் கொஞ்சம் அடங்கிய வருடம் ஒரு புருஷனும் பெண்சாதியும் நோர்வேயிலிருந்து வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கல்வீடு அந்தப் புருஷனின் தகப்பன் கட்டியது. தகப்பன் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர். மகன் சின்னப் பெடியனாய் விடுமுறைக்கு மட்டும் இங்கே வந்து போனவர். பிறகு எல்லாரும் ஓடியதுபோல ஓடி, நோர்வேயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற வேலை பார்த்து, அங்கேயே பாய்ப்படகு ஓட்டப் பழகியிருந்தார். அவருடைய மனைவியும் தீவுப் பெண்தான். அங்கே வயோதிபர் இல்லமொன்றின் குசினியில் இருபது வருடத்துக்கு மேல் சமையல் வேலைக்கு நின்றவர். நான் அவரை அண்ணை என்றும் அவவை அக்கா என்றும் கூப்பிட்டேன்.

திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன பாய்ப்படகை அண்ணை வாங்கி, பருத்தித்துறையைச் சுற்றி ஊர்காவற்துறைக்குக் கொண்டுவந்தார். ஒரு மினிபஸ் நீளம் இருக்கும், வெள்ளை நிறம். இறங்குதுறைக்குக் கொஞ்சம் தள்ளி, மிதவையில் கட்டிக்கிடந்தது. முதல் கிழமைகளில் சனம் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

படகில் இரண்டு பாய்கள். பாய்மரத்துக்குப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. முன்னால் இருப்பது முக்கோணம். அதை ஒவ்வொரு தடவையும் இறக்கி மடிக்கத் தேவையில்லை. படகின் மூக்கிலிருந்து மர உச்சிக்குப் போகிற கம்பியில் அது எப்போதும் நிற்கும். கம்பியின் அடியில் ஒரு உருளை. உருளையில் சுற்றிய கயிற்றைப் பின்னால் இருந்தபடி இழுத்தால், நாம் படுத்தெழும்பிப் பாய் சுருட்டுகிறமாதிரி அதுவும் கம்பியைச் சுற்றிச் சுருண்டுவிடும்.

படகு ஓடுவது கிழமையில் ஒருநாள். மிச்ச நாட்களெல்லாம் பாய் சுருண்டபடி வெயிலில் நிற்கும். வெயில் விழுவது கடைசிச் சுற்றில் வெளியே தெரிகிற விளிம்பில்தான். அந்த விளிம்பைக் காப்பாற்ற, அதன்மேல் தடித்த நீலத் துணியைச் சாறிக்குக் கரை வைக்கிறமாதிரி வைத்துத் தைத்திருப்பார்கள். நீலம் வெயிலைத் தாங்கிக்கொள்ளும், உள்ளே வெள்ளைத்துணி பிழைக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவ அக்காதான். "ஓடுறது அவர். பாக்கிறது நான்," என்று சொல்லிச் சிரிப்பா. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், காற்றில்லாத ஒரு காலையில், சாட்டிக் கிணறுகளிலிருந்து வருகிற நல்ல தண்ணீரை இரண்டு கானில் எடுத்துக்கொண்டு போவா. ஊர்காவற்துறைத் தண்ணீர் உவர். உப்பை உப்பால் கழுவ முடியாது. குடிக்கிற தண்ணீரில் பாய் கழுவுகிறார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாயை விரித்து, அடியிலும் ஓரத்திலும் படிந்த உப்புப் போகத் தண்ணீர் ஊற்றி, தொங்கவிட்டுக் காயவைப்பா. ஈரத்தோடு சுருட்டினால் கறுப்புப் புள்ளி பூத்துவிடும். காய்கிற நேரத்தில் தையல்களை விரலால் தடவிக்கொண்டே போவா, எங்காவது நூல் எழும்பியிருந்தால் கண்டுபிடித்துவிடுவா. உருளைக் கயிற்றையும் முழுதாக இழுத்துப் பார்ப்பா. பிறகு இறுக்கிச் சுருட்டி, காற்று பிரித்துவிடாமல் பட்டி ஒன்றால் நடுவில் கட்டுவா.

நூல் எழும்பிய இடங்களைக் கையால் தைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனா. நீந்தத் தெரியாத நான் முதல்நாள் ஒரு கம்பியைப் பிடித்தபடியே இருந்தேன். நாலாவது தடவை கம்பியை விட்டுவிட்டேன். பாய் காயும்வரை நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டோம், கதைத்தோம். அண்ணைக்கு எதையும் இரண்டாம்தரம் சொல்லக்கூடாது என்று அக்கா ஒருநாள் சொன்னா. முறைப்பாடாகச் சொல்லவில்லை, சமையல் குறிப்புப் போலச் சொன்னா. ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சிநேகிதி அவ.

அடுத்த மாசி மாதம் பழைய நீலக்கரை இற்றுப்போய், தொட்டால் மாவாக உதிர்ந்தது. நோர்வேயிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அண்ணை புதுத் துணியும், வெயிலுக்கு இற்றுப்போகாத நூலும் எடுப்பித்தார். பழைய கரையை வீட்டிலேயே பிரித்து எறிந்தார். அவ்வளவு பெரிய பாயை விரிக்க என் வீட்டில் இடமேது? வாசிகசாலை மண்டபத்தைக் கேட்டு எடுத்தோம். என் மெஷினை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் நடுவில் வைத்தோம். நான் போனபோது பாய் தரையில் விரித்துக் கிடந்தது. அண்ணை அதன்மேல் சோக்கால் கோடு போட்டு முடித்திருந்தார்.

முதல் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. துணியோடு பழகின கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய கரை இருந்த இடத்தில், ஊசித் துளைகளுக்கு உள்ளே, ஒரு பக்கத்துத் துணி புதிதுபோல வெள்ளையாக இருக்கும். அது கரை மூடியிருந்த பக்கம். மற்றப் பக்கம் மங்கலாக, உப்புக்கறையோடு இருக்கும். அண்ணை கோடு போட்டிருந்தது மங்கலான பக்கத்தில். மண்டபத்துக்குள் இழுத்து வந்தபோது பாய் புரண்டிருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. நான் மூலையைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொரு மூலையையும் புரட்டிப் பார்த்தேன். அடியில் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன தங்கச்சி, துணி தடிப்பாக் கிடக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை, தைக்கலாம்," என்றேன்.

முதல் இரண்டு முழம் ஓடியது. அவர் குனிந்து தையலைப் பார்த்தார். "உம்மட தையலை நோர்வேக்காரன் கண்டால் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவான்," என்றார். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் கழுத்து இறக்கம், கை இறுக்கம் என்றுதான் சொல்வார்கள்.

அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வந்தது அப்போதுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயைப் பார்த்தா. அப்படியே நின்றா.

"இஞ்சாருங்கோ, இது மற்றப் பக்கமெல்லோ?"

"எது மற்றப் பக்கம்?"

"கரை. இப்பிடித் தைச்சால் சுருட்டேக்க நீலம் உள்ளுக்கை போயிடும்."

"நீர் பேசாமல் இரும். நான் முப்பது வருசமாப் பாய் ஓட்டுறன்."

"ஓட்டுறது நீங்கள்தான். ஆனால் கிழமைக்குக் கிழமை அதைக் கழுவிச் சுருட்டுறது நான். எனக்குத் தெரியாதோ?"

"உமக்குக் கழுவத்தான் தெரியும்," என்றார் அவர். மண்டபத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள்.

அக்கா அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா. "தங்கச்சி, நீர் துணியிலை கை வைச்ச ஆள். நீர் சொல்லும். எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான் கேட்டா. ஒரு மூலையைப் புரட்டிக் காட்டியிருந்தால் போதும். வாய்கூடத் திறந்திருக்கத் தேவையில்லை.

நான் சொன்னேன்: "அண்ணை கீறித் தந்தபடிதான் அக்கா நான் தைக்கிறன். அவருக்குத் தெரியாமல் இருக்குமோ?"

அக்கா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிளாஸ்கை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனா. வெளியே போய்த்தான் போட்டா.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்சாதி கதைக்கிற இடத்தில் மூன்றாம் ஆள் வாய் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். அது பாதி உண்மை. அவர் புகழ்ந்த ருசி அப்போது வாயில் இருந்தது. அது இன்னொரு பாதி. மிச்சமாக ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. கடல் தாண்டி எங்கேயும் போகாமல் இங்கேயே கிடந்து தைத்தவள் நான். வெளிநாடு போய் வந்து, எல்லாம் தெரிந்தவ போல நிற்கிற ஒருத்தியை அவவுடைய புருஷன் எனக்கு முன்னால் அடக்கியபோது, எனக்குள் எங்கோ ஒரு சின்னத் திருப்தி வந்தது. பாணும் சம்பலும் பங்குபோட்டுச் சாப்பிட்ட சிநேகிதியைப் பற்றித்தான் அந்தத் திருப்தி.

பின்னேரம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவையின்ரை பாய், அவையின்ரை பாடு. நீ தைச்சுக் குடு," என்றார். ஒன்பது நாளில் தைத்து முடித்தேன். இரட்டைத் தையல். ஒரு சுருக்கம் கிடையாது.

பாயை ஏற்றிய அன்று அண்ணை கயிற்றை இழுத்தார். பாய் சுருண்டது. நீலம் ஒவ்வொரு சுற்றாக உள்ளே போய் மறைந்தது. வெள்ளைத்துணி முழுதும் வெளியே, வெயிலில் மினுங்கியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா "நான் சொன்னனான்" என்று சொல்லவில்லை.

"பிரிச்சுத் தைக்கட்டோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒண்டும் பிரிக்கத் தேவையில்லை. உருளையிலை கயித்தை மற்றப் பக்கமாச் சுத்தினால் பாயும் மற்றப் பக்கமாச் சுருளும். நீலம் வெளியிலை வரும். கணக்குச் சரி," என்றார். அப்படியே செய்தார். நீலம் வெளியே வந்தது. கரையில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் வடிவாகத்தான் தெரிந்தது.

சரியில்லாதது உருளையில் இருந்தது. உருளையைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு, அதில் கயிறு வெளியே வர ஒரு வாய். அந்த வாய் பழைய சுற்றுக்கு ஏற்றபடி திரும்பியிருந்தது. சுற்றை மாற்றியவர் கூட்டைத் திருப்பவில்லை. கயிறு வாயின் விளிம்பில் மடிந்து, ஒவ்வொரு இழுவைக்கும் உரசிக்கொண்டு போனது.

அக்கா பழையபடி காலையில் போயிருந்தால் அதைக் கண்டிருப்பா. ஆனால் அந்த நாளோடு அக்கா படகுக்குப் போவதை விட்டுவிட்டா. அண்ணை கேட்டால், "எனக்குக் கழுவ மட்டும்தானே தெரியும், மழை கழுவும்," என்று சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். அவருக்கு ஓடத்தான் ஆசை, பார்க்கப் பொறுமையில்லை. வந்ததும் ஈரத்தோடு சுருட்டிவிட்டு வந்துவிடுவார். நான் அவருடன் இரண்டு தடவை போனேன். பாயை விரிக்கச் சொல்லி, உப்புக் கழுவி, என் தையலை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒரு நூல்கூட எழும்பவில்லை. சந்தோஷமாகத் திரும்பினேன். கால் அடியில் இருந்த உருளையை நான் பார்க்கவேயில்லை.

அக்கா என்னோடு கதைக்காமல் விடவில்லை. வழியில் கண்டால் சுகம் விசாரிப்பா. ஆனால் "உள்ளுக்கை வாரும்" என்று சொல்வதில்லை. எனக்கு அது தாங்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துவிட்டால் நானும் பழையபடி ஆகிவிடலாம் என்று நினைத்தேன். ஆனி மாதம், அண்ணை நயினாதீவுக்கு ஓடப்போகிறார் என்று கேள்விப்பட்டு அக்காவிடம் போனேன்.

"ஒருக்காப் போட்டு வாங்கோ அக்கா. கோயிலுக்கும் போனமாதிரி இருக்கும். அண்ணை தனிய ஓடுறது எனக்கே பாக்க ஒருமாதிரிக் கிடக்கு."

"நீர் சொல்லுறீரோ?" என்றா அக்கா.

"ஓம், நான்தான் சொல்லுறன்."

போனா.

போகும்போது கடல் நல்லாகத்தான் இருந்ததாம். திரும்பும்போது சோளகக் காற்றுக் கூடிவிட்டது. அண்ணை முன்பாயைச் சுருட்டக் கயிற்றை இழுத்தார். பாதி சுருண்டதும் உரசித் தேய்ந்திருந்த கயிறு அறுந்தது. பாய் ஒரே வீச்சில் முழுதாக விரிந்து, மூலையில் கட்டியிருந்த கயிறுகள் சாட்டை மாதிரி அடிக்கத் தொடங்கின. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் படகு பாய் இழுத்த பக்கம் போனது. "போய்ப் பிடியும்! பிடியும்!" என்று அண்ணை கத்தியிருக்கிறார். அக்கா தவழ்ந்து முன்னே போனா. கயிறு அவவுடைய வலது கையைச் சுற்றி இழுத்து, ஓரக் கம்பியோடு அடித்தது.

நயினாதீவு மீன்பிடிப் படகொன்று வந்து அவர்களைக் குறிகட்டுவானுக்கு இழுத்துக்கொண்டு போனது. என் கணவரின் பஸ் அங்கே நின்றிருந்தது. அவர்தான் எனக்குப் போன் எடுத்தார். "உன்ரை அக்காவை இறக்கினம். கை தொங்குது," என்றார். நான் மெஷினில் இருந்தேன். யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. இரண்டு விரல்களின் நரம்பும் சேதம். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் எனக்குப் போய்ப் பார்க்கத் துணிவு வந்தது. அக்கா கதிரையில், மாக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்தபடி இருந்தா. அண்ணை மருந்து வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, அண்டைக்கு மண்டபத்திலை எனக்குத் தெரியும். மூலையைப் புரட்டிப் பாத்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் அக்கா?"

"உமக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும். மூலை ரெண்டும் மடிஞ்சு கிடந்தது. நீர் பாக்காமல் தைக்கிற ஆளில்லை."

நான் அழுதேன். அவ அழவில்லை. "பக்கம் பிழைச்சது பெரிய காரியமில்லை. அதைப் பிரிச்சுத் தைக்கலாம். அவர் என்னைக் கத்தினதும் புதுசில்லை. நான் உம்மைக் கேட்டனான் பாரும், அதைத்தான் நினைச்சு நினைச்சு இருக்கிறன். ஏன் கேட்டனானெண்டு," என்றா. பிறகு, "தேத்தண்ணி போட்டுக் குடியும். எனக்குப் போட ஏலாது," என்றா. நான் குசினிக்குப் போய் இரண்டு பேருக்கும் போட்டுக்கொண்டு வந்தேன்.

கையை நோர்வேயில் காட்டினால் நல்லது என்று அங்கே இருக்கிற மகள் வற்புறுத்தியதால் ஆவணியில் அக்கா போனா. திரும்பி வரவில்லை.

அக்கா போன பிறகு அண்ணை, அன்று கடலில் அடித்துக் கிழிந்த பாயைக் கொண்டு வந்தார். நான் கேட்காமலே நீலக்கரை முழுவதையும் பிரித்தேன். மற்றப் பக்கம் புரட்டி, வெள்ளையாக இருந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். அதற்கும் மண்டபம்தான். எதிரே இருந்து துணியை நீட்டிக்கொடுத்த அண்ணை ஒரு கட்டத்தில் சொன்னார்:

"தங்கச்சி, நீர் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் கேட்டிருப்பியளோ அண்ணை?"

"தெரியேல்லை," என்றார். "அவ சொன்னதைக் கேக்கேல்லைத்தானே."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டிருக்க மாட்டார் என்றே எனக்கும் படுகிறது. கரை பிழையான பக்கத்திலேயே போயிருக்கும், கயிறும் உரசத்தான் தொடங்கியிருக்கும். ஆனாலும் மண்டபத்தில் அக்கா தனியே நின்றிருக்க மாட்டா. அதற்குப் பிறகும் படகுக்கு நானும் அவவும் காலையில் போயிருப்போம்.

மாரி தொடங்க முன் அண்ணை படகைத் திருகோணமலைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். வீட்டுத் திறப்பை எங்களிடம் தந்தார். மாதத்தில் ஒருநாள் திறந்து கூட்டிவிட்டு வருகிறேன்.

தைப்பொங்கலுக்கு அக்கா போன் எடுப்பா. வருடத்தில் வேறு ஓரிரண்டு தடவையும் எடுப்பா. போன தடவை பேத்தியின் சட்டைக்கு அளவு சொன்னா. தைத்து, போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். நல்லாப் பொருந்தியதாம். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கை எப்பிடி அக்கா?"

"கோப்பை பிடிப்பன். கையெழுத்து வைப்பன். தலை பின்ன ஏலாது, அதுதான் மயிரைக் கட்டையா வெட்டியிட்டன். நீர் கண்டால் ஆளை அடையாளம் பிடிக்க மாட்டீர்."

பிறகு அவவே, "ஊரிலை மழை எப்பிடி?" என்று கேட்டா. இந்த வருடம் பிந்தித்தான் தொடங்கியது, ஆனால் கிணறெல்லாம் நிறைந்துவிட்டது என்று சொன்னேன்.